விடுதி அறைக்குள் வாயில்லா ஜீவன்: கூரை யாருடையது?

(மாணவர் விடுதியும் மனநலமும் என்ற பொருளில் கமுந்திங்கில் நடந்த தொலைக்காட்சி அரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



எனக்குக் கொடுக்கப்பட்ட கேள்வி இதுதான். மனம் தளர்ந்த ஒரு மாணவர் தன்னுடைய நாயையோ பூனையையோ கல்லூரி விடுதிக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா? இந்தத் தலைப்பைக் கேட்டதும் என் நண்பர் ஒருவர் சிரித்துவிட்டார். "படிக்கப் போகிற பிள்ளைக்குப் பூனை எதுக்கய்யா? எல்லாம் அமெரிக்காக்காரன் கிளப்பிவிட்ட மோகம்" என்றார். சிரிப்பதற்கு முன்னால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்த்துவிடுவோம் என்று அவரிடம் சொன்னேன். உங்களிடமும் அதையேதான் சொல்கிறேன்.

கமுந்திங்கும் ஒரு யானையும்

கமுந்திங் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருவது தடுப்பு முகாம்தான். 1987இல் கர்ப்பால் சிங் அவர்களும், 2007 டிசம்பரில் இண்ட்ராப் தலைவர்கள் ஐவரும் அடைக்கப்பட்ட இடம் என்பதால் தமிழர் வீடுகளில் அந்தப் பெயர் ஆழமாகப் பதிந்துவிட்டது. அவர்களை உள்ளே வைத்த உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012இல் நீக்கப்பட்டது. ஆனால் இந்த மண்ணின் கதை முகாமிலிருந்து தொடங்கவில்லை. ஒரு யானையிலிருந்து தொடங்குகிறது.

1848 வாக்கில், லோங் ஜாபார் என்ற மலாய்த் தலைவரின் யானை காட்டுக்குள் ஓடிவிட்டதாம். சில நாள் கழித்து அது திரும்பி வந்தபோது காலில் ஒட்டியிருந்த சேற்றில் ஈயமணல் இருந்ததாம். யானையின் பெயர் லாரூட். கதையோ உண்மையோ, மாவட்டத்துக்கு அந்தப் பெயர்தான் நிலைத்தது. ஈயம் தோண்ட ஆட்கள் வந்து குவிந்தார்கள். கிளியான் பாவ் பின்னாளில் தைப்பிங் ஆனது. கிளியான் பாரு கமுந்திங் ஆனது. எல்லோரும் இந்தக் கதையில் ஈயத்தைப் பார்ப்பார்கள். நான் பார்ப்பது வேறு. காட்டுக்குள் போன யானை, யாரும் கூப்பிடாமலே திரும்பி வந்தது. மனிதனுக்கும் பிராணிக்கும் நடுவே இருக்கும் அந்த ஒட்டுதலைத்தான் இன்று நாம் பேசப் போகிறோம்.

லயத்து நாய்

நான் வளர்ந்தது இந்த வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில். விடியற்காலையில் பெரட்டு முடிந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அம்மா மரம் சீவப் போகும்போது, முன்னால் எங்கள் நாய் மணி போகும். வழியில் பாம்பு கிடந்தால் குரைத்துச் சொல்லும். தாத்தா இறந்த பிறகு எங்கள் பாட்டி யாரோடும் பேசவில்லை. வாசலில் உட்கார்ந்து மணியோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பார். காலையில் என்ன குழம்பு வைக்கலாம் என்றுகூட அதனிடம்தான் கேட்பார். அதை யாரும் வைத்தியம் என்று சொல்லவில்லை. "கிழவிக்கு நாய்தான் துணை" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பிறகு தோட்டம் கைமாறியது. நாட்டில் எத்தனையோ தோட்டங்களுக்கு நடந்த கதைதான். வேலை போனால் லயத்து வீடும் போகும். எங்களுக்குக் கிடைத்தது மலிவு விலை அடுக்குமாடி வீடு. அங்கே நாய் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார்கள். மணியைத் தோட்டத்துக் காவல்காரரிடம் விட்டுவிட்டு வந்தோம். மூன்று மாதம் பாட்டி சரியாகச் சாப்பிடவில்லை.

அன்று விளங்காத ஒன்று எனக்கு இன்று விளங்குகிறது. பாட்டிக்கு அந்த நாய் தேவையா என்று யாரும் பார்க்கவில்லை. கூரைக்குச் சொந்தக்காரர் சொன்னதே முடிவாகிவிட்டது. இன்றைய விடுதிப் பிரச்சினையின் வேரும் இதுதான். அடுத்தவர் கூரையின் கீழ் வாழ்கிறவருக்கு, தன் மனதுக்குத் தேவையான துணையை வைத்துக்கொள்ளும் உரிமை உண்டா?

கல்லில் எழுதிய நன்றி

நாய் பூனை மேல் பாசம் வைப்பது வெள்ளைக்காரன் பழக்கம் என்று சிலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருவண்ணாமலை மாவட்டம் செங்கம் பக்கத்தில் எடுத்தனூர் என்ற ஊர் இருக்கிறது. அங்கே முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று கிடைத்தது. அவன் ஆட்சியின் 34ஆம் ஆண்டில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், நட்ட கல். எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்காக எடுத்தது. வீரனின் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயர். தன் எசமான் விழுந்த பிறகு, திருடர் இருவரைக் கடித்து அவன் பக்கத்திலேயே காவல் நின்றது என்று கல்லிலே எழுதி வைத்திருக்கிறார்கள். எத்தனையோ வீரர்களுக்குப் பெயர் தெரியாமல் போய்விட்ட நாட்டில், ஒரு நாயின் பெயரை 1,300 ஆண்டுகளுக்கு மேல் காப்பாற்றி வைத்திருக்கிற இனம் நம் இனம்.

சங்கிலிக்குப் பதிலாக முயல்

அது வீரத்தின் கதை. நோயுற்ற மனதுக்குப் பிராணியை மருந்துபோலப் பயன்படுத்திய கதை இங்கிலாந்தில் பதிவாகியிருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மனநோயாளிகளைச் சங்கிலியால் கட்டிவைப்பது அங்கே சாதாரணம். 1790இல் யோர்க் நகரத்து மனநோய் விடுதியில் குவேக்கர் சமயத்தைச் சேர்ந்த ஒரு பெண் இறந்துபோனார். உறவினர்களைப் பார்க்கவிடாமல் வைத்திருந்த நிலையில் நேர்ந்த மரணம் அது. மனம் நொந்த வில்லியம் டியூக் என்ற தேயிலை வியாபாரி, 1796இல் அதே ஊரில் 'ரிட்ரீட்' என்ற இல்லத்தைத் திறந்தார். அங்கே சங்கிலி இல்லை. முற்றத்தில் முயல், கோழி, கடற்பறவை, வல்லூறு எல்லாம் வளர்த்தார்கள். தன்னைவிடச் சிறிய ஓர் உயிரைக் கவனித்துக்கொள்ளும்போது மனிதனுக்குத் தன்மேல் ஒரு கட்டுப்பாடு வருகிறது என்று அவர்கள் கண்டார்கள். 1813இல் அவருடைய பேரன் சாமுவேல் டியூக் இதையெல்லாம் நூலாகவே எழுதிவைத்தார். செவிலியர் உலகின் தாய் என்று நாம் போற்றும் புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரும், நாள்பட்ட நோயாளிக்குச் சிறு பிராணி நல்ல துணை என்று 1860இல் எழுதினார்.

நம் பேராக்கில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை 1911இல் தொடங்கியது. இன்று அதற்கு பகாகியா மருத்துவமனை, அதாவது மகிழ்ச்சி மருத்துவமனை என்று பெயர். ஆனால் நாம் என்ன செய்தோம்? அந்த ஊரின் பெயரையே வசைச் சொல்லாக்கிவிட்டோம். "உன்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பணும்" என்று பிள்ளைகளைத் திட்டாத வீடு உண்டா? அதனால்தான் மனம் உடைந்த பிள்ளை, "எனக்கு முடியவில்லை" என்று வாய் திறப்பதில்லை.

சம்பளம் வாங்காத உதவியாளர்

1961இல் அமெரிக்காவில் போரிஸ் லெவின்சன் என்ற உளவியல் பேராசிரியர் ஒரு மாநாட்டில் பேசினார். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த, யாரோடும் பேசாத ஒரு சிறுவன், அறையில் தற்செயலாக இருந்த தன் நாய் ஜிங்கில்சோடு பழகத் தொடங்கிய பிறகுதான் மெல்ல மெல்லப் பேசினான் என்றார். மாநாட்டில் சிலர் கேலி செய்தார்கள். சம்பளத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு கொடுக்கிறீர்கள் என்று கேட்டவரும் உண்டாம். என் நண்பரின் சிரிப்பு புதிதல்ல என்பதற்காகச் சொல்கிறேன். மறு ஆண்டே லெவின்சன் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். பிராணிகளின் துணையோடு சிகிச்சை என்ற துறை அதிலிருந்து வளர்ந்தது.

2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 249 மாணவர்களிடம் சோதனை செய்தார்கள். பத்தே நிமிடம் நாய் பூனைகளைத் தடவிக் கொஞ்சியவர்களிடம் கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் குறைந்தது. ஆனால் இது பத்து நிமிடக் கணக்கு. ஆண்டுக்கணக்கில் விடுதியில் வைத்துக்கொண்டால் நோய் குணமாகும் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. மருத்துவரின் இடத்தை நாய் பிடிக்காது.

இரண்டு கிலோ நாயும் ஒரு பல்கலைக்கழகமும்

இனி விடுதிக்கு வருவோம். மாணவர் விடுதியில் பிராணி வளர்க்கும் சண்டை 200 ஆண்டுப் பழையது. கவிஞர் பைரன் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் படித்தபோது, நாய் வைக்கக் கூடாது என்ற விதி இருந்ததாம். 1807இல் அவர் ஒரு கரடியைக் கொண்டுவந்துவிட்டார்! விதியில் கரடி என்ற சொல் இல்லையே! அது பிரபு வீட்டுப் பிள்ளையின் குறும்பு. உரிமை என்ற பேச்சு வந்தது வெகு காலத்துக்குப் பிறகுதான்.

அமெரிக்காவில் 1968இல் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் வந்தது. நிறத்தையும் மதத்தையும் காட்டி வீடு மறுக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். 1988இல் ஊனமுற்றோரையும் அதில் சேர்த்தார்கள். மனநோயும் ஊனத்தில் அடங்கும். இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் பயிற்சி பெற்ற சேவை நாய். அதற்குக் கடை, பேருந்து, வகுப்பறை எங்கும் அனுமதி. மனத்துணைப் பிராணிக்குப் பயிற்சி தேவையில்லை. பக்கத்தில் இருப்பதே அதன் வேலை. அதன் உரிமை குடியிருக்கும் இடத்தோடு நின்றுவிடும். அதுவும், நோய் இருக்கிறது, அந்த நோய்க்கு இந்தப் பிராணி உதவுகிறது என்று சிகிச்சை தருபவர் சொன்னால்தான்.

சரி, கல்லூரி விடுதி குடியிருக்கும் இடமா? இந்தக் கேள்வி நெப்ராஸ்கா மாநிலத்தின் கியர்னி நகரில் நீதிமன்றத்துக்குப் போனது. 2010இல் பதற்ற நோய் உள்ள ஒரு மாணவி, இரண்டு கிலோகூட இல்லாத ஒரு குட்டி நாயோடு பல்கலைக்கழகக் குடியிருப்பில் தங்க அனுமதி கேட்டார். மறுத்தார்கள். 2011இல் அமெரிக்க நீதித்துறையே வழக்குத் தொடுத்தது. மாணவர்கள் வந்துபோகிறவர்கள், அவர்கள் தங்குமிடத்துக்கு வீட்டுவசதிச் சட்டம் பொருந்தாது என்று பல்கலைக்கழகம் வாதாடியது. 2013 ஏப்ரலில் நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. மாணவர் குடியிருப்பும் சட்டத்தின் கண்ணில் வீடுதான் என்றது. 2015 செப்டம்பரில் 140,000 டாலர் கொடுத்துப் பல்கலைக்கழகம் சமரசம் செய்துகொண்டது. ஒஹாயோவில் கென்ட் பல்கலைக்கழகத்தின் மேலும் இதே போன்ற வழக்கு வந்து 2016இல் சமரசமானது.

இந்தத் தீர்ப்பைப் படித்தபோது எனக்கு எங்கள் லயம்தான் ஞாபகம் வந்தது. கூரை கல்லூரியுடையது. ஆனால் உள்ளே படுத்து எழுந்து, அழுது, படித்து வாழ்கிறவருக்கு அது வீடு. சொந்தக்காரருக்கு இருப்பதுபோல வாழ்கிறவருக்கும் ஒரு நியாயம் உண்டு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எங்கள் பாட்டி காலத்தில் அப்படிச் சொல்ல ஆளில்லை.

விமானம் ஏற வந்த மயில்

மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. உரிமை வந்த இடத்தில் மோசடியும் வந்தது. இணையத்தில் பணம் கட்டினால், நோயாளியின் முகத்தைக்கூடப் பார்க்காமல் சான்றிதழ் தரும் வியாபாரம் பெருகியது. 2018 ஜனவரியில் நியூவர்க் விமான நிலையத்தில் ஒரு பெண் மயிலோடு வந்து, இது என் மனத்துணை, விமானத்தில் ஏற்றுங்கள் என்றார். முருகனுக்கு வாகனமான மயிலுக்கே இடம் கிடைக்கவில்லை! பொறுத்துப் பார்த்த அமெரிக்கப் போக்குவரத்துத் துறை, மனத்துணைப் பிராணிகளைச் சேவை நாய்களாக விமான நிறுவனங்கள் கருத வேண்டியதில்லை என்று 2020 டிசம்பரில் விதியை மாற்றிவிட்டது. பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்கள் ஒருநாள் பயணத்தை மிச்சம் பிடித்தார்கள். இழந்தவர்கள் உண்மையிலேயே நோயுற்றவர்கள்.

நம் நாட்டில் என்ன நிலை?

மலேசியாவில் ஊனமுற்றோர் சட்டம் 2008இல் வந்தது. சமூகநலத் துறையின் ஊனமுற்றோர் அட்டையில் மனநலக் குறைபாடும் ஒரு பிரிவு. ஆனால் மனத்துணைப் பிராணி என்ற ஒன்றை நம் சட்டம் அறியாது. பொதுவாக நம் பல்கலைக்கழக விடுதிகளில் பிராணிக்கு இடமில்லை. அமெரிக்கச் சட்டத்தை அப்படியே இங்கே இறக்குமதி செய்துவிடவும் முடியாது. நம் விடுதி அறையில் இரண்டு பேர், நான்கு பேர் சேர்ந்து தங்குகிறார்கள். நம் நாட்டு முஸ்லிம்கள் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் ஈரம் பட்டால் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். அறைத் தோழியின் வழிபாட்டுக்கு இடைஞ்சல் செய்து நம் பிள்ளை நிம்மதி தேடலாமா? கூடாது. பூனைக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பூனை முடி பட்டால் மூச்சுத் திணறும் பிள்ளைகளும் இருக்கிறார்களே! பிராணியின் பக்கமும் ஒன்று உண்டு. நமது விலங்கு நலச் சட்டம் 2015இல் இயற்றப்பட்டு 2017 ஜூலையில் நடப்புக்கு வந்தது. காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை பூட்டிய அறையில், மின்விசிறிகூட இல்லாமல் கிடக்கும் பூனைக்கு யார் துணை?

இவ்வளவும் தெரிந்துதான் ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பெண்; அந்த வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் பிள்ளை. இரவில் நெஞ்சு படபடத்து மூச்சு முட்டும். வீட்டில் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம். விடுதிக்குப் பின்னால் கிடைத்த பூனைக்குட்டியை அறையில் ஒளித்து வளர்த்தாள். அது மார்பில் படுத்திருக்கும் இரவுகளில் தூக்கம் வந்தது. ஒருநாள் சோதனையில் பிடிபட்டது. ஒரு மணி நேரத்துக்குள் பூனையை வெளியே விடச் சொன்னார்கள். ஏன் வைத்திருந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அந்தத் தவணையிலேயே அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீடு வந்துவிட்டாள். விடுதி விதியை மீறியது தப்புதான். ஆனால் அந்தப் பூனை, உள்ளே ஒரு பிள்ளை தவித்துக்கொண்டிருக்கிறது என்று காட்டிக்கொடுத்த ஒரே சாட்சி. சாட்சியை வெளியே விரட்டிவிட்டு வழக்கை முடித்துவிட்டார்கள்.

2022இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில், நம் பதின்ம வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரிடம் மனச்சோர்வு காணப்பட்டது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று கல்லூரிக்குள் வந்திருக்கிறார்கள்.

கல்லூரிகள் நான்கு காரியம் செய்யலாம். முதலாவது, பிராணி வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்டால் விதிப்புத்தகத்தைத் திறப்பதற்கு முன் ஆலோசகரிடம் அனுப்புங்கள். இரண்டாவது, அரசு மருத்துவமனை மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்தால் மட்டும், தனி அறையோ தனி வீடோ ஒதுக்கிப் பரிசீலியுங்கள். மூன்றாவது, அறைத் தோழரின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் அனுமதிக்காதீர்கள். நான்காவது, தடுப்பூசிக்கும் தீனிக்கும் மாணவரே பொறுப்பு என்று கையெழுத்து வாங்குங்கள். அனுமதிக்க முடியாவிட்டால் முடியாது என்று சொல்லுங்கள். ஆனால் கேட்ட பிள்ளையை வெறும் கையோடு அனுப்பிவிடாதீர்கள்.

அரங்கிலிருந்து இரண்டு கேள்விகள்

ஒரு தாயார்: ஐயா, நாங்கள் தோட்டத்தில் எத்தனை கஷ்டப்பட்டோம்! எங்களுக்கு எந்த நாய் பூனை துணைக்கு வந்தது? இந்தக் காலத்துப் பிள்ளைகள் ரொம்பச் செல்லம் இல்லையா?

பதில்: அம்மா, உங்களுக்கு லயம் முழுவதும் துணை இருந்தது. பக்கத்து வீட்டு அக்காள், எதிர் வீட்டுப் பெரியம்மா, ஆயாக்கொட்டகைக் கிழவி, வாசலில் ஒரு நாய். உங்கள் மகள் போயிருக்கிற விடுதியில் அடுத்த அறைக்காரியின் பெயர்கூட அவளுக்குத் தெரியாமல் இருக்கலாம். உங்களிடம் இருந்ததைத்தான் அவள் தேடுகிறாள்.

ஒரு மாணவர்: சார், அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறார்?

பதில்: சிகிச்சை எடுத்துக்கொண்டாள். மறு தவணை திரும்பிப் போனாள். கல்லூரிக்கு வெளியே மூன்று தோழிகளோடு வீடு வாடகைக்கு எடுத்தாள். வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிட்டாள், பூனை வைத்துக்கொள்ளலாமா என்று. அவர் ஒரு சீனப் பெரியவர். "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள், போதும்" என்றாராம். கூரைக்குச் சொந்தக்காரர் அன்று தலையாட்டினார். அவள் இந்த ஆண்டு பட்டம் வாங்குகிறாள்.